மாமியார் குக்கரில் வெந்த ஸ்லைடு

எங்கள் லேபில் ஒரு பெரிய அலுமினிய பிரஷர் குக்கர் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "மேடம், இங்கியே சமைச்சி சாப்பிடுவீங்களா?" என்று கேட்பார்கள். வேகவைப்போம், சாப்பிட மாட்டோம் என்பேன். அப்போது அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்!

நான் பேத்தாலஜி டாக்டர். என்னிடம் நோயாளிகள் வர மாட்டார்கள். அவர்களுடைய சதைத் துண்டு மட்டும் பாட்டிலில் வரும். அதை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, இது இன்ன நோய் என்று எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. உப்பளம் என்கிற பேட்டையில் வீடு. பொடிநடையாகப் போனால் லேப். நானும் ஒரு சீனியர் டாக்டரும் சேர்ந்து நடத்துகிறோம். அவர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையை ஒருநாளும் தவறவிடாதவர். சந்தேகம் வந்தால் "அலோர்..." என்று பிரெஞ்சில் இழுப்பார். மனசுக்குத் திருப்தி என்றால் "போன்!" என்று மேசையைத் தட்டுவார். அவரிடம் வேறு உணர்ச்சி எதையும் நான் பார்த்ததில்லை.

குக்கர் எதற்கு என்று சொல்கிறேன். வெறும் சாயத்தை வைத்து எல்லா நோயையும் பிடித்துவிட முடியாது. சில சமயம் செல்லைப் பார்த்து, "உன்கிட்ட எந்தப் புரதம் இருக்குது, காட்டு" என்று கேட்க வேண்டியிருக்கும். அப்படிக் கேட்பதற்குத்தான் மோனோகுளோனல் ஆன்டிபாடி. ஒரே செல்லின் வாரிசுகளிடமிருந்து எடுப்பதால் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல் இருக்கும். ஒரே ஒரு புரதத்தைத்தான் தேடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும், வேறு எதையும் தொடாது. பிடித்த இடத்தில் டிகாஷன் நிறத்தில் ஒரு கறை விழும்படி நாங்கள் செய்துகொள்வோம். கறை விழுந்தால் புரதம் இருக்கிறது, விழாவிட்டால் இல்லை.

ஆனால் பாட்டிலில் இருக்கிற ஃபார்மலின், சதை அழுகாமல் காப்பாற்றுகிற கையோடு, புரதங்களையெல்லாம் ஒன்றோடொன்று பின்னி முகத்தை மூடிவிடும். ஸ்லைடைச் சரியான கரைசலில் போட்டு நன்றாக வேகவைத்தால்தான் அவை முகம் காட்டும். அதற்கு இப்போது மெஷின் இருக்கிறது. நாங்கள் ஆரம்பித்த காலத்தில் ஏது மெஷின்? குக்கர்தான்.

அந்தக் குக்கர் என் மாமியாருடையது. நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போவதற்கு முன்பே அவர் போய்விட்டார். வயிற்றில் கட்டி. என்ன கட்டி, எதனால் என்று யாரும் ஒரு துண்டு எடுத்துப் பார்க்கவில்லை. கட்டி, அவ்வளவுதான். வயலில் அறுப்புக்கு வருகிற ஆட்களுக்குப் பருப்பு வேகவைக்க அவர் வாங்கிய குக்கர் அது. அவருக்குப் பிறகு எங்கள் உப்பளம் வீட்டுப் பரணுக்கு வந்து, கேஸ்கட் காய்ந்து, மூடி ஒரு மூலை, பாத்திரம் ஒரு மூலை என்று கிடந்தது. லேபுக்கு எடுத்துப் போகட்டுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். தலையாட்டினார். அவர் எதற்குத்தான் தலையாட்டவில்லை!

விஷயம் என் நாத்தனாருக்குத் தெரிந்தது, மாமியாரின் திதி அன்று. நாத்தனார் என் வீட்டுக்காரருக்குத் தங்கை. கிராமத்திலேயே கட்டிக்கொடுத்து, அங்கிருந்து சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்வருகிறாள், பேக்கிங் பிரிவில் சூப்பர்வைசர். கணவர் வெளிநாட்டில், ஒரே மகள் காலேஜில். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவள் குரல் அந்த உயரத்திலேயே நின்றுவிட்டது. "எங்கம்மா குக்கரு எங்க, அண்ணி? பருப்பு போடணும்" என்று வந்து நின்றாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "லேப்ல இருக்கு. அதுல மனுஷ சதை வேகுது" என்றேன். உள்ளதைத்தானே சொன்னேன்!

வீடு ரெண்டுபட்டது. "எங்கம்மா கை பட்ட ஏனத்துல பொணத்த வேகவெக்கிறாங்களாம்ணா! நீயும் பாத்துக்கிட்டு இருக்கிறியா?" என்று அண்ணனைப் பிடித்து உலுக்கினாள். "பொணம் இல்லடி, உயிரோட இருக்கிறவங்க சதை, கடுகளவு" என்று நான் விளக்கம் சொன்னேன். அதோடு சரி. அன்றிலிருந்து என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

நிறுத்தினாள் என்றால் முழுசாக இல்லை. அண்ணன் வழியாகப் பேசுவாள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். "அண்ணா, காபிக்கு சக்கர போதுமான்னு கேளு" என்பாள். நான் மட்டும் சளைத்தவளா? "போதும்னு சொல்லுங்க" என்பேன். வீட்டுக்காரர் நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையாட்டிக்கொண்டிருப்பார். லேபுக்கு மெஷின் வந்து குக்கர் அலமாரிக்குப் போன பிறகும் நான் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கேட்டால் கொடுப்பேன். என்னைக் கேட்க வேண்டும், அண்ணனைக் கேட்டால் ஆகாது. எனக்கும் வீம்பு இருக்கிறது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது பொங்கல் வந்தது. மாட்டுப் பொங்கலுக்கு நாங்கள் கிராமத்துக்குப் போவது வழக்கம். நாத்தனார் அந்த முறை முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போட்டிருந்தாள். பனிக்காகவாக்கும் என்று நினைத்தேன். அவள் வீட்டு மாட்டுக் கொட்டகையில்தான் பசுவுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மாலை போட்டேன். அங்கேயே நின்று சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டேன். "அண்ணா, இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேளு" என்று கரண்டியோடு நின்றாள். வழக்கத்தைவிட அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. எனக்கு உறைக்கவில்லை.

தை அமாவாசை கழிந்து ஒருநாள் காலை, வீட்டுக்காரர் ஒரு மஞ்சள் பையோடு லேபுக்கு வந்தார். உள்ளே மூடி இறுக்கிய சின்னப் பாட்டில். பாட்டிலில் நாத்தனார் பெயர். "தாடைக்குக் கீழ கட்டியாம். நர்சிங் ஹோம்ல ஒரு துண்டு எடுத்துக் குடுத்தாங்களாம். இந்த டெஸ்ட்டு உங்க லேப்லதான் செய்வாங்கன்னு டாக்டரே சொன்னாராம். என்கிட்டயே நேத்துதான் சொன்னா" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் தலையாட்டாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபடி பாட்டிலைக் கையில் எடுத்தேன்.

சண்டை வேறு, இது வேறு. அவள் என் வீட்டுப் பெண். வாயாடி, வம்புக்காரி, என் பிரசவத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்து என் குழந்தையைக் குளிப்பாட்டியவள். எனக்குக் கண்ணை மறைத்தது. டெக்னீஷியன் பெண் பாட்டிலை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு போனாள்.

சொந்தக்காரர் சதையை நானே பார்த்து எழுதக் கூடாது, அது எங்கள் தொழிலில் முறை. சீனியரிடம் கொடுத்தேன். முதல் சாயத்தில் பார்த்தபோதே அவர் "அலோர்..." என்று இழுத்தார். எச்சில் சுரப்பி இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்மா செல்கள் ஈ மொய்க்கிற மாதிரி மொய்த்திருந்தன. பிளாஸ்மா செல் என்பது நம் உடம்பில் ஆன்டிபாடி தயாரிக்கிற செல். கிருமி வந்தால் அவை கூடத்தான் செய்யும். ஆனால் புற்றுநோயாக இருந்தாலும் கூடும். எது என்று வெறும் சாயத்தில் தெரியாது.

தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்த வழி. ஒவ்வொரு பிளாஸ்மா செல்லும் தான் செய்கிற ஆன்டிபாடியில் இரண்டு விதமான சங்கிலிகளில் ஏதாவது ஒன்றைத்தான் வைக்கும். ஒன்று கப்பா, இன்னொன்று லாம்டா. சாதாரணமாகக் கூடிய கூட்டம் என்றால், பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்க வந்தவரும் பூ வாங்க வந்தவரும் கலந்து நெருக்குகிற மாதிரி, கப்பாவும் லாம்டாவும் கலந்து நிற்கும். புற்றுநோய் என்றால் எல்லாம் ஒரே கெட்டுப்போன செல்லின் பிள்ளைகள். அத்தனையும் ஒரே வகையாக இருக்கும். ஆக, ஒரு ஸ்லைடில் கப்பா ஆன்டிபாடி, இன்னொரு ஸ்லைடில் லாம்டா ஆன்டிபாடி. இரண்டிலும் கறை விழுந்தால் பிழைத்தோம். ஒன்றில் மட்டும் விழுந்தால், நரம்பில் ஏற்றுகிற மருந்து, முடி கொட்டுவது, பெரிய ஆஸ்பத்திரி வாசலில் காத்துக்கிடப்பது.

ஸ்லைடுகள் மெஷினில் வெந்தன. சாயங்காலம் சீனியர் பார்த்தார். கப்பாவில் கறை இருந்தது. லாம்டாவில் ஒன்றுமே இல்லை. சுத்தமாகத் துடைத்துவிட்ட மாதிரி வெறும் அடிச்சாயம் நீலமாக இருந்தது. ஆன்டிபாடியைச் சரிபார்க்க எங்கள் வழக்கப்படி கூடவே ஓட்டிய, வேறு யாருடையதோ ஆன டான்சில் சதை ஸ்லைடில் கப்பா, லாம்டா இரண்டுமே ஜம்மென்று விழுந்திருந்தன. அப்படியானால் ஆன்டிபாடி மேல் குற்றமில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஒரே வகைதான் தெரியுதும்மா. ஆனா எனக்கு என்னமோ மனசு ஒப்பல. இன்னைக்கு நான் கையெழுத்துப் போடல. நீயும் ஒரு தரம் பாரு. எழுதத்தான் கூடாது, பாக்கலாம்" என்றார்.

தங்கையைப் பார்க்கக் கிராமத்துக்குப் போயிருந்த வீட்டுக்காரருக்கு ஃபோன் பண்ணினால், அங்கே நாத்தனார் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டு, அம்மாவின் மூக்குத்தியை அவள் கையில் வைத்து அழுகிறாளாம். "எங்கம்மாவுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்குது" என்று முடிவே கட்டிவிட்டாளாம். வேலையை விட்டுவிடுகிறேன் என்று கம்பெனியிலும் சொல்லிவிட்டாளாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ரிசல்ட் நான் இன்னும் சொல்லவே இல்லை, இவள் அதற்குள் பங்கு பிரிக்கிறாளா? இரு, உன்னை என்ன செய்கிறேன் பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுநாள் காலையில் மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்தேன்.

கப்பா ஸ்லைடைப் பார்த்தேன். கறை விழுந்த செல், விழாத செல், விழுந்த செல், விழாத செல். மங்கலாக இருந்ததால் முதல் பார்வைக்கு எல்லாமே லேசாகக் கறைபட்ட மாதிரிதான் இருக்கும். நிதானமாக ஒவ்வொன்றாகப் பார்த்தால் அப்படியில்லை. கிட்டத்தட்டப் பாதி செல்கள் கப்பாவே இல்லை. சரி, கப்பா இல்லாத பிளாஸ்மா செல் என்னவாக இருக்க வேண்டும்? லாம்டாவாகத்தான் இருக்க வேண்டும், வேறு நாதி கிடையாது. லாம்டா ஸ்லைடை மாற்றிப் போட்டேன். அதே இடம், அதே செல்கள். ஒன்றிலும் கறை இல்லை.

"சார்! இங்க வாங்க!" என்று நான் கத்திய கத்தலில் வரவேற்பறையில் ரத்தம் கொடுக்க வந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்களாம். "கப்பாவும் இல்ல, லாம்டாவும் இல்லன்னா இந்தப் பாதிப் பேரு யாரு சார்? வானத்துல இருந்து குதிச்சாங்களா?"

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "அலோர்..." என்றார். இந்த முறை அந்த இழுப்பில் ஒரு சந்தோஷம் இருந்தது. "லாம்டா இல்லாம இல்ல. இருக்குது, முகத்தக் காட்ட மாட்டேங்குது. இந்தச் சதை ஃபார்மலின்ல அளவுக்கு மீறிக் கிடந்திருக்கணும். பாட்டில் எங்க இருந்துதுன்னு கேளு."

வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டேன். அவர் கிராமத்தில் தங்கை பக்கத்தில்தான் இருந்தார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"நர்சிங் ஹோம்ல குடுத்த பாட்டில எங்க வெச்சிருந்தான்னு கேளுங்க."

"அவங்களுக்கு எதுக்காம்ணா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"சொன்னாதான் ரிசல்ட் வரும்னு சொல்லுங்க."

"கொட்டாயில" என்றது குரல்.

"எந்தக் கொட்டாயில?" தபால் தூதெல்லாம் மறந்து நானே நேராகக் கேட்டுவிட்டேன்.

"மாட்டுக் கொட்டாயிலண்ணா. போகிக்கு முன்னாடி குடுத்தாங்க. வூடெல்லாம் கழுவி மொழுகி வெச்சிருக்கு, நல்ல நாளு அதுவுமா சதைய எப்பிடி வூட்டுக்குள்ள வெக்கிறது? தீட்டு ஆவாதா? அதான் கொட்டாயில தகரத்துக்குக் கீழ பரண்மேல வெச்சி ஒரு கூடையப் போட்டு மூடினேன். காணும் பொங்கல் கழிச்சிக் குடுக்கலாம்னு இருந்தேன். அப்புறம் செவ்வாக்கெழம வந்துடுச்சி. அப்புறம் அமாவாச கழியட்டும்னு..."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வாரக்கணக்கில் அந்தச் சதை தகரக் கூரையின் சூட்டில் ஃபார்மலினில் ஊறியிருக்கிறது. நான் பசுவுக்குப் பொட்டு வைத்தபோது என் தலைக்கு மேலேதான் இருந்திருக்கிறது! ஊரெல்லாம் தேடிவந்து எங்களிடம் பயாப்சித் துண்டைக் கொடுக்கிறது, என் நாத்தனாரின் பயாப்சிக்குக் கீழே நின்று நான் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டிருக்கிறேன். "அறிவிருக்கா உனக்கு?" என்று ஃபோனில் ஒரு கத்து கத்தினேன். ஆனால் எனக்கு உள்ளுக்குள் துள்ளல். காரணம் கிடைத்துவிட்டது. காரணம் கிடைத்தால் பாதி வழி வந்த மாதிரி.

மீதி வழிதான் பயம். நர்சிங் ஹோமில் எடுத்ததே சின்னத் துண்டு. சீவிச் சீவி மெழுகுக் கட்டையில் மிச்சமிருந்தது மூன்றே ஸ்லைடுக்குத்தான் வரும் என்றாள் டெக்னீஷியன். மெஷினில் வேறு திட்டம் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். அந்த மெஷினுக்கு அளவாக ஊறிய சதைதான் பழக்கம். கொதிநிலைக்குக் கீழேயே நின்று நாசூக்காக வேகவைக்கும். மாட்டுக் கொட்டகையில் பொங்கல் கொண்டாடிய சதைக்கு நாசூக்கு உதவாது. அதற்கு அழுத்தம் வேண்டும், நல்ல சூடு வேண்டும், காரத்தன்மை கூடின கரைசல் வேண்டும். அதே சமயம் கொதியில் சீவல் கண்ணாடியை விட்டுக் கழன்று தண்ணீரோடு போய்விட்டால், அவ்வளவுதான். மறுபடி கத்தி வைத்துத்தான் எடுக்க வேண்டும். மறுபடி எடுக்க அவள் ஒத்துக்கொள்ளவே மாட்டாள், எனக்குத் தெரியும்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் அலமாரியைப் பார்த்தோம்.

குக்கரை இறக்கித் துடைத்தேன். கேஸ்கட் விரிசல் விட்டிருந்தது. ஆட்டோ பிடித்துப் பெரிய மார்க்கெட்டுக்கு ஓடினேன். பாத்திரக்கடைக்காரர், "இந்த மாடல் வர்றதே நின்னுபோச்சிம்மா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே தேடி ஒன்றை எடுத்துவந்தார். "வூட்டுல விசேஷமா?" என்று கேட்டார். "ஆமா, நாத்தனாருக்கு" என்றேன். மீன்கூடைக்கும் மல்லிகைக் கூடைக்கும் நடுவில் இடித்துக்கொண்டு, கேஸ்கட்டை வளையல் மாதிரி கையில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

சீவல்களைப் பசைப்பூச்சு உள்ள ஸ்லைடுகளில் எடுத்து, அடுப்பில் நன்றாக உலர வைத்தாள் டெக்னீஷியன். ஒன்று கப்பாவுக்கு, ஒன்று லாம்டாவுக்கு. மூன்றாவதை என்ன செய்வது என்று நான் கேட்டபோது சீனியர் யோசித்துவிட்டு, "ஐ.ஜி.ஜி. நாலு" என்றார். அதுவும் நம் உடம்பு செய்கிற ஒரு வகை ஆன்டிபாடிதான். அபூர்வமாகச் சிலருக்கு, அந்த வகையைச் செய்கிற செல்கள் காரணமில்லாமல் சுரப்பியில் கூடாரம் போட்டுக் கட்டி மாதிரி வீங்கவைத்துவிடும். பார்ப்பதற்குப் புற்றுநோய் மாதிரியே இருக்கும். மாத்திரையில் கரைந்துவிடும். "புத்து இல்லன்னு சொன்னா மட்டும் போதாதும்மா, பின்ன என்னன்னும் சொல்லணும்ல" என்றார்.

கரைசல் கொதித்தது. ஸ்லைடுகளை இறக்கி மூடியைப் பூட்டினேன். வெயிட்டைப் போட்டதும் குக்கர் முதலில் முனகியது, பிறகு ஓரத்தில் லேசாகப் புகைந்தது, என் உயிர் போய் வந்தது, பிறகு புது கேஸ்கட் கவ்விப் பிடித்துக்கொண்டது. விசில் வந்ததும் சிம்மில் வைத்தேன். பருப்புக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்தேன். அணைத்த பிறகு மூடியைத் திறக்கக் கை பரபரத்தது. சீனியர் என் கையைத் தட்டிவிட்டார். அவசரப்பட்டுத் திறந்தால் சீவல் கழன்றுவிடும். தானாக ஆற வேண்டும். ஆறுகிற வரைக்கும் அவர் ஜன்னலோரம் நின்று உதட்டுக்குள் ஜெபம் சொன்னார். நான் ஜன்னலின் மறுபக்கம் நின்று எங்கள் கிராமத்து அம்மனைத் திட்டிக்கொண்டிருந்தேன். நாங்கள் சாமி கும்பிடுகிற முறை அதுதான்.

மூடியைத் திறந்து முதலில் எட்டிப் பார்த்தவள் டெக்னீஷியன். "மேடம், ஒட்டிக்கிட்டுதான் இருக்குது! மூணும் இருக்குது!" என்றாள். அவளைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

பிறகு ஆன்டிபாடி சொட்டு, கழுவல், அடுத்த சொட்டு, கழுவல், கடைசியில் கறை விழவைக்கிற சொட்டு. முறைப்படி பார்க்க வேண்டியவர் சீனியர். அவர் உட்கார்ந்தார். லாம்டாவை வைத்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அவர் குமிழைத் திருகினார். ஸ்லைடை நகர்த்தினார். மறுபடி நகர்த்தினார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது.

"போன்!" என்று மேசையில் ஒரு அடி விழுந்தது. டீ தம்ளர் எகிறியது.

நான் அவரை ஏறக்குறைய தள்ளிவிட்டுக் குனிந்தேன். ஐயோ, என்ன அழகு! நேற்றுத் துடைத்துவிட்ட மாதிரி கிடந்த இடமெல்லாம் டிகாஷன் நிறத்தில் ஜொலித்தது. லாம்டா, லாம்டா, நடுநடுவே கறை விழாத கப்பாக்காரர்கள். கப்பா ஸ்லைடில் மங்கல் போய்ப் பளிச்சென்று இருந்தது. இரண்டு கூட்டமும் சரிசமமாகக் கலந்து, மார்க்கெட்டில் நிற்கிற மாதிரி இடித்துக்கொண்டு நின்றன. மூன்றாவது ஸ்லைடில் ஐ.ஜி.ஜி. நாலு கொட்டிக்கிடந்தது. புற்றுநோய் இல்லை. இல்லவே இல்லை! நான் படித்த அத்தனை வருஷப் படிப்பும் அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் என்று தோன்றியது. நான் லேபுக்கு நடுவில் நின்று கை தட்டினேன். டெக்னீஷியன் விசில் அடித்தாள். ஞாயிறு பூசைக்காரர் என் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். அவரிடம் அப்படியொரு உணர்ச்சி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சீனியர் கையெழுத்துப் போட்டதும் கிராமத்துக்கு ஃபோன் போட்டேன். வீட்டுக்காரர் எடுத்தார். "அவகிட்ட குடுங்க" என்றேன். அவர் ஸ்பீக்கரில் போட்டார். "ஸ்பீக்கரு வேணாம். அவ காதுல குடுங்க."

ஃபோன் கை மாறியது.

"புத்து இல்லடி" என்றேன். "உன் உடம்பே சும்மா இருக்க முடியாம வம்பு பண்ணி வீங்க வெச்சிருக்கு. உன்ன மாதிரியேதான். மாத்திர சாப்பிட்டா கரைஞ்சிடும். அந்த மூக்குத்திய உன் பொண்ணுகிட்ட இருந்து திருப்பி வாங்கு."

"நெசமாவா?" என்றாள். பக்கத்தில் அண்ணன் நின்றுகொண்டிருந்தும் அவரைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டாள். பிறகு அழுதாள் பாருங்கள், மெஷின் சத்தத்துக்கு மேலே பேசுகிற அதே தொண்டையில்! நானும் அழுதேன். எதில் வெந்த ஸ்லைடு என்று அப்போதே சொல்லிவிடத் துடித்த வாயை மட்டும் கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டேன். நேரில் சொல்ல வேண்டிய விஷயம் அது.

பெரிய டாக்டர் ஒருவர் ரத்தமும் பார்த்து, அதேதான் என்று சொல்லி மாத்திரை எழுதினார். சித்திரை பிறப்பதற்குள் கட்டி சுண்டைக்காயாகி, பிறகு தடவினாலும் கைக்குத் தட்டுப்படாமல் போய்விட்டது. நாத்தனார் மறுபடி கம்பெனிக்குப் போனாள். குரலும் பழைய உயரத்துக்குப் போனது. ஒருநாள் உப்பளம் வீட்டுக்கு வந்தவளை உட்காரவைத்துக் குக்கர் கதையை முதலிலிருந்து கடைசி வரைக்கும் சொன்னேன். காபியைக் குடித்துவிட்டு, எழுந்து போய்விட்டாள். போச்சு, மறுபடி ஆரம்பிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். வீட்டுக்காரர் பழைய வேலைக்குத் தயாராகித் தலையை ஒரு பக்கம் ஆட்டிப் பார்த்துக்கொண்டார்.

ஆயுத பூஜை அன்று லேபில் மைக்ரோஸ்கோப்புகளுக்கெல்லாம் சந்தனம் வைத்து, புது மெஷினுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தோம். வாசலில் ஆட்டோ நின்றது. பட்டுப்புடவை, மூக்கில் அம்மாவின் மூக்குத்தி, கையில் பூக்கூடை. நாத்தனார்! சீனியருக்கு ஒரு கும்பிடு போட்டாள். மெஷினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எங்கம்மா குக்கரு எங்க, அண்ணி?" என்றாள்.

அண்ணனைக் கேட்கவில்லை, என்னை, நேராக. இத்தனை வருஷ வீம்பும் எனக்கு எங்கே போனதென்றே தெரியவில்லை. கேட்டால் கொடுப்பேன் என்றுதானே இருந்தேன்? கேட்டுவிட்டாள். அலமாரியிலிருந்து எடுத்து, மனசில்லாமல்தான், அவள் கையில் கொடுத்தேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னா இப்பிடிக் கரி புடிச்சிக் கெடக்குது? நல்லாத்தான் வெச்சிருக்கிறீங்க!" என்று என்னை ஒரு அதட்டு அதட்டிவிட்டு, சிங்க்குக்குப் போய்ப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தேய்தேய் என்று தேய்த்தாள். துடைத்தாள். சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, கூடையிலிருந்த சாமந்தி மாலையை அதன் கழுத்தில் சுற்றினாள். மெஷினைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, குக்கரை மேசைக்கு நடுவில் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பூஜை முடிஞ்சதும் எடுத்துக்கிட்டுப் போ. உன் பொருளு" என்றேன்.

"எதுக்கு? இங்கியே இருக்கட்டும்" என்றாள். "எங்கம்மா வேலைக்குப் போறாங்கன்னு நெனச்சிக்கிறேன். கேஸ்கட்ட மட்டும் நேரத்துக்கு மாத்துங்க, அண்ணி."